முதல் வாத்து வேட்டைக்கு எந்தத் தோட்டா?

போன வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாயலாம் என்று போனபோது பிரான்சிலிருந்து பேரன் வீடியோவில் கூப்பிட்டான். பேரன் என்றால் என் தங்கையின் பேரன். தங்கை வாழ்க்கைப்பட்டது ஒரு சொல்தா குடும்பத்தில். 1962-ல் 'ஒப்சியோன்' எடுத்தவர்கள் அவர்கள். அந்த வழியில் இந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். இப்போது வட பிரான்சில், சோம் நதி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான்.

"தாத்தா, நீங்க ஆபீஸ்ல துப்பாக்கி செக்ஷன்தானே பார்த்தீங்க? ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்தது துப்பாக்கியை அல்ல, துப்பாக்கி லைசென்சு ரிஜிஸ்டரை. வாழ்நாளில் ஒரு தடவைகூட விசையை இழுத்ததில்லை. இருந்தாலும் பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். குழல் எத்தனை, துளை எத்தனை, வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்க அனுமதி என்றெல்லாம் என் கையால் எழுதியிருக்கிறேன். "கேளு" என்றேன்.

விஷயம் இதுதான். பையன் அங்கே அரசாங்கம் நடத்துகிற வேட்டைத் தேர்வில் பாஸ் செய்துவிட்டான். கூட வேலை செய்பவரின் தகப்பனாருக்குச் சோம் முகத்துவாரத்தில் ஒரு வேட்டைக் குடிசை இருக்கிறது. 'உத்' என்பார்கள். சதுப்பில் பாதி புதைந்தாற்போல் தாழ்வாகக் கட்டிய குடிசை. முன்னால் ஒரு குட்டை. குட்டையில் பழக்கிய வாத்துகளை மிதக்க விட்டு, மேலே போகிற காட்டு வாத்து அவற்றைப் பார்த்து இறங்கும்வரை உள்ளே காத்திருப்பார்கள். அந்தப் பெரியவர் பையனை முதல் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். சின்ன வாத்து அல்ல, பெரிய வாத்து. சாம்பல் வாத்து. நாம் தமிழில் இரண்டையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் சின்னது 'கனார்', பெரியது 'வா'. பள்ளிக்கூடத்தில் முதன்முதல் இந்தச் சொல்லைக் கேட்டபோது வகுப்பே சிரித்தது. யாரையோ 'வா, வா' என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் அந்தக் குடிசையில் நடப்பதும் அதுதான். வா என்று கூப்பிட்டு உட்காரவைத்துச் சுடுவது.

பையன் மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்துக் காட்டினான். முதல் பெட்டியில் பழைய ஈயத் தோட்டாக்கள். பெரியவர் தன் அலமாரியிலிருந்து எடுத்து இனாமாகக் கொடுத்திருக்கிறார். "நாப்பது வருஷம் இதாலதான் சுட்டேன். ராத்திரியில யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்றாராம். இரண்டாவது பெட்டி இரும்பு ரவை. கடையில் விற்கிற சாதாரண விலை. மூன்றாவது பிஸ்மத் என்ற உலோகம். இரும்பைவிடப் பல மடங்கு விலை. "எது தாத்தா?" என்றான்.

எடுத்த எடுப்பில் நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் படித்ததும், எனக்கு ஏற்கெனவே தெரிந்ததும், அதன்மேல் என் அபிப்பிராயமும் சேர்ந்ததுதான் இது. நம்மில் யாரும் இனி வாத்துச் சுடப் போவதில்லை. ஆனாலும் இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் அப்பாவின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சேன்த்-எத்தியேன் ஊரில் செய்த இரட்டைக்குழல். 16 காலிபர். அந்தக் கணக்கு பழைய காலத்துக் கணக்கு. ஒரு ராத்தல் ஈயத்தைப் பதினாறு சம உருண்டையாக்கினால், ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் துளை. பன்னிரண்டாக்கினால் உருண்டை பெரிதாகும், அது 12 காலிபர். அதனால்தான் எண் குறைந்தால் துளை பெரிது. இதை ஆபீசில் புதிதாக வந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் நான் விளக்க வேண்டியிருந்தது. அப்பாவின் துரை 1954-ல் ஊருக்குப் போகும்போது அந்தத் துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ராத்திரி அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்து தோட்டா அடைப்பார். காகிதக் கூடு, மருந்து, கம்பளி அடைப்பு, அதன்மேல் ஒரு சின்ன அகப்பை ஈய ரவை. ரவை என்பது உப்புமா ரவை மாதிரி பெயர்தான், மிளகைவிடச் சின்ன உருண்டை. கீழே சிந்தியதைப் பொறுக்கி டப்பாவில் போடுவது என் வேலை. கையெல்லாம் கறுப்பாகும். அந்தக் கையோடு வெல்லம் எடுத்துத் தின்றதும் ஞாபகம் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஈயம் விஷம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ரசம் வைத்ததே ஈயச் சொம்பில்தானே. அந்தச் சொம்பு பெரும்பாலும் வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

1960 வாக்கில், எனக்குப் பத்து வயது இருக்கும், என்னை ஊசுட்டேரிக்கு அழைத்துப் போனார். விடிகாலை. ஏரி முழுக்க வாத்து. கருமேகம் தண்ணீரில் இறங்கியது மாதிரி. அப்பா இரண்டு குழலையும் சுட்டார். மூன்று விழுந்தன. இரண்டை எடுத்தோம். மூன்றாவது நாணலுக்குள் போய்விட்டது. தேடினோம், கிடைக்கவில்லை. "செத்திருக்கும், வா" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாடு மேய்க்கிற ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்த வாத்து. உயிர் இருந்தது. ஒரு சிறகு ஒடிந்து, ரத்தம் கறுத்துக் காய்ந்து, எறும்பு மொய்த்திருந்தது. மூன்று நாளாக அது கரையோரம் அப்படியே கிடந்திருக்கிறது. "உங்களுதுதானே, மிசியே?" என்று மரியாதையாக நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. அதற்குப் பிறகும் போனார். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் அது பரணுக்கு ஏறியது. ஆனால் என்னை மறுபடி அழைத்துப் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் காட்டிய முதல் பெட்டி, ஈயம்.

பன்னிரண்டு காலிபரானாலும் பதினாறானாலும் ஒரு தோட்டாவில் முப்பது கிராம் அளவுக்கு ரவை இருக்கும். பிரெஞ்சுக் கணக்கில் நாலாம் நம்பர் ரவை என்றால் எண்ணிக்கையில் ஏறத்தாழ நூற்றைம்பது. பறவையின்மேல் படுவது ஐந்தோ ஆறோ. மீதி நூற்றுநாற்பதும் தண்ணீரில் விழுந்து சேற்றில் உட்காரும். ஒரு பொழுதுக்கு ஒரு ஆள் இருபது தோட்டா சுட்டால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இப்படி நூறு நூற்றைம்பது வருடம் ஒரே சதுப்பில் சுட்டிருக்கிறார்கள்.

வாத்துக்குப் பல் இல்லை. கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது கனத்த தசைப்பை ஒன்றைக் கீறினால் உள்ளே பொடிக்கல் இருக்குமே, அதே அமைப்புதான் வாத்துக்கும். சேற்றில் சின்னக் கல்லைத் தேடி விழுங்கும். அந்தக் கல்தான் உள்ளே தானியத்தை அரைக்கும். ஈய ரவை அதன் கண்ணுக்கு ஒரு நல்ல கல். விழுங்கிய ரவை கற்களோடு சேர்ந்து அரைபட்டு, வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும். பறவை இளைக்கும், சிறகு தொங்கும், பறக்க முடியாமல் புதருக்குள் ஒதுங்கி, இரண்டு மூன்று வாரத்தில் சாகும். சில ரவையே போதும். சுடாமலே சாகிற வாத்து அது. சுட்டவன் பத்து வருடத்துக்கு முன் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

இந்த வியாதிக்குப் பிரெஞ்சில் 'சத்துர்னீஸ்ம்' என்று பெயர். சத்துர்ன் என்றால் சனி. மேல்நாட்டுப் பழைய சாஸ்திரத்தில் சனி பகவானின் உலோகம் ஈயம். நம் சாஸ்திரத்தில் சனிக்கு உரியது இரும்பு. அங்கே சனி பிடித்த வாத்துகளைக் காப்பாற்ற வந்திருப்பது நம்முடைய சனியின் உலோகம். இதைப் பையனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

சட்டத்தை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் 1991 முதல் நாடு முழுக்கக் கிடையாது. டென்மார்க் 1996-ல் எல்லா வேட்டைக்கும் ஈய ரவையைத் தடை செய்துவிட்டது. பிரான்சில் சதுப்பு நிலத்தில் 2006 முதல் தடை. 2023 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளும் ஈயத் தோட்டாவைச் சுடக் கூடாது. ஆகவே பெரியவர் பிரியமாகக் கொடுத்த பெட்டி, சோம் முகத்துவாரத்தில் குற்றம். ராத்திரியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது ஒரு வாதமே இல்லை. நான் முப்பத்தாறு வருடம் கிளார்க் வேலை பார்த்தவன். யாரும் பார்க்காத இடத்தில் எழுதுகிற எழுத்துக்குத்தான் கிளார்க்கின் யோக்கியதை தெரியும்.

ஆனால் சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. வேட்டைக்காரன் தான் சுட்ட பறவைக்கு மட்டும் பொறுப்பு என்று நினைப்பது தப்பு. சுடாத பறவைக்கும் அவன் பொறுப்பு. குறி தவறிய ரவையும் அவன் ரவைதான்.

அடுத்தது இரும்பு. பெயர் பிரெஞ்சில் இன்னும் 'ப்ளோம்', அதாவது ஈயம்தான். 'இரும்பு ஈயம்' என்று கடையில் எழுதி வைத்திருக்கிறானாம். இரும்பின்மேல் பழைய வேட்டைக்காரர்களுக்கு ஒரு புகார் உண்டு. அது பறவையைக் கொல்லாது, காயப்படுத்தித்தான் விடும் என்பார்கள். அந்தப் புகாரில் அரை உண்மை இருக்கிறது. அந்த அரை உண்மையைப் புரிந்துகொண்டால்தான் தோட்டா தேர்வு செய்ய முடியும்.

ஈயத்தின் அடர்த்தி 11.3. இரும்பின் அடர்த்தி 7.8. ஒரே பருமனுள்ள ரவையில் இரும்பு முப்பது சதவீதம் லேசு. லேசான பொருள் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். பஞ்சு உருண்டையையும் கல்லையும் எறிந்து பாருங்கள், அதே சங்கதி. இதற்கு ஈடு கட்ட, இரும்பில் இரண்டு நம்பர் பெரிய ரவையாக எடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 மில்லிமீட்டர் ஈய ரவையின் எடை வேண்டுமென்றால் இரும்பில் 4.5 மில்லிமீட்டர் ஆகிறது. பிரெஞ்சு அளவில் ஒரு நம்பருக்குக் கால் மில்லிமீட்டர். ஆக இரண்டு நம்பர், சரியாக வருகிறது. பழைய ஈயத்துக்குப் பழகியவர் அதே நம்பரை இரும்பில் வாங்கினால் பறவை காயத்தோடு பறக்கும். குற்றம் இரும்பின்மேல் இல்லை, நம்பரின்மேல்.

அந்த நம்பரிலும் ஒரு சூட்சுமம். நாட்டுக்கு நாடு நம்பர் வேறு. 'பிபி' என்று எழுதிய ரவை இங்கிலாந்துக் கணக்கில் 4.1 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 4.57. பெட்டியில் நம்பரைப் பார்க்காதே, மில்லிமீட்டரைப் பார் என்று பையனிடம் சொன்னேன். சாம்பல் வாத்து மூன்று நாலு கிலோ இருக்கும். அடர்ந்த இறகு, கனத்த எலும்பு. அதற்கு இரும்பில் 4-லிருந்து 4.5 மில்லிமீட்டருக்குள் எடுப்பது சரி. அதைவிடப் பெரிதாகப் போனால் எண்ணிக்கை குறைந்து ரவைக்கும் ரவைக்கும் இடையே ஓட்டை விழும். பறவை அந்த ஓட்டைக்குள் புகுந்து போய்விடும், அல்லது ஒன்றே ஒன்று பட்டுப் போகும். அதுதான் இருப்பதிலேயே மோசம்.

தோட்டாவுக்கு முன் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். இரும்பு ரவை ஈயம் மாதிரி நசுங்காது. பழைய மெல்லிய குழலைக் கெடுத்துவிடும். வேகம் கூடிய இரும்புத் தோட்டாவைத் தாங்கும் என்று சோதித்த துப்பாக்கிகளில் லில்லிப் பூ முத்திரை அடித்திருப்பார்கள். பழைய பிரெஞ்சு ராஜாக்களின் அதே பூ. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் புத்தகத்தில் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! "குழலைக் காட்டு" என்றேன். கேமராவை அருகில் கொண்டுபோனான். பூ இருந்தது. அறுபது வருடம் கழித்து அந்தப் பூவால் எனக்கு ஒரு பிரயோஜனம். 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ரவையை இந்த வேகத் தோட்டாவில் போட்டுச் சுட்டால், குழல் வாயின் இறுக்கம் 'அரைச் சோக்கு'க்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் விதி. அதையும் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். தோட்டாவின் நீளமும் குழலின் அறை நீளமும் பொருந்த வேண்டும். அவனுடையது 76 மில்லிமீட்டர் அறை. 89 தோட்டா அதற்குக் கூடவே கூடாது.

பூ முத்திரை இல்லாத பழைய துப்பாக்கி, அப்பாவுடையது மாதிரி, வைத்திருப்பவர்களுக்குத்தான் மூன்றாவது பெட்டி. பிஸ்மத்தின் அடர்த்தி 9.6. ஈயத்துக்குச் சற்றே கீழ், இரும்பைவிட மிருது. நல்ல பொருள்தான். பையனுக்குத் தேவையில்லை, பணத்தை மிச்சப்படுத்தச் சொன்னேன். இரும்பிலும் ஒரு குறை இருப்பதை மறைக்கக் கூடாது. ரவை குழலை உராயாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைக்கிறார்கள். சுட்டதும் அது சதுப்பில் விழுகிறது. ஈயத்தை நிறுத்திப் பிளாஸ்டிக்கைப் போடுவது என்ன நியாயம்? மக்கிப்போகிற கிண்ணம் வைத்த தோட்டாவும் இப்போது வருகிறது. கேட்டு வாங்கச் சொன்னேன்.

இதுவரை சொன்னதை எந்தக் கடைக்காரரும் சொல்லுவார். கடைக்காரர் சொல்லாததை இப்போது சொல்கிறேன். என் அபிப்பிராயமே இதுதான். முதல் வேட்டைக்குப் போகிறவனுக்கு எந்தத் தோட்டா என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை மீட்டர் என்பது முதல் கேள்வி.

சாம்பல் வாத்து சாதாரண வாத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம். அறுபது மீட்டரில் பறக்கிற பெரிய வாத்து, நாற்பது மீட்டரில் பறக்கிற சின்ன வாத்து மாதிரி கண்ணுக்குத் தெரியும். புதியவன் ஏமாறுவது இங்கேதான். தலைக்கு மேலே கட்டில் அளவுக்குச் சிறகை விரித்துப் போகிறதே, தப்புமா என்று நினைப்பான். இரும்பு ரவைக்கு முப்பது, மிஞ்சினால் முப்பத்தைந்து மீட்டர்தான் நம்பிக்கையான தூரம்.

டென்மார்க்கில் நடந்ததைப் படித்தேன். 1990-களில் அங்கே இளஞ்சிவப்புக் கால் வாத்துகளைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த பறவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உடம்பில் ரவை. சுடப்பட்டும் சாகாமல், அந்தப் பாரத்தோடு நாடு விட்டு நாடு பறக்கிற பறவைகள். அதன் பிறகு வேட்டைக்காரர் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து, கிட்டே வந்தால் மட்டும் சுடுங்கள் என்று இயக்கமாகச் சொன்னார்கள். எண்ணிக்கை இறங்கியது. புதுத் தோட்டா கண்டுபிடித்து இறங்கவில்லை. பொறுத்திருந்ததால் இறங்கியது.

'மேக்னம்' என்று தங்க எழுத்தில் போட்ட பெட்டி புதியவனுக்கு என்ன செய்கிறது? தூரத்தில் போவதும் எனக்கு எட்டும் என்ற நினைப்பைக் கொடுக்கிறது. தோளில் இடிக்கிற இடியில் அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு சுட வைக்கிறது. ஆகவே என் சிபாரிசு இது. முப்பத்துநாலு முப்பத்தாறு கிராமுக்கு மேல் போகாதே. போவதற்கு முன் முப்பது மீட்டரில் பெரிய காகிதம் கட்டி, எழுபத்தைந்து சென்டிமீட்டர் வட்டம் போட்டுச் சுட்டு, உள்ளே எத்தனை ரவை விழுந்தது என்று எண்ணு. குடிசையிலிருந்து முப்பது மீட்டரை அளந்து, அந்தத் தூரத்தில் ஒரு குச்சி நட்டு வை. குச்சிக்கு அப்பால் இருந்தால் விரலை எடு.

"ஏன் சொல்லிக் கொடுக்கிறீர்கள், போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த வாத்துகள் ஒரு தடவை ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் வருடக்கணக்கில் பிரிவதில்லை. அவற்றோடே வாழ்ந்து ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்பவருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. போகாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதை அவனிடம் சொன்னேன். ஆனால் அப்பா சுட்ட வாத்துக் குழம்பைத் தட்டை வழித்துத் தின்றவன் நான். கடைவாயில் 'கடக்' என்று ரவை கடிபட, அதைத் துப்பித் தட்டில் டங்கென்று போட்டுவிட்டு மறுபடி சாப்பிட்டவன். எந்த முகத்தோடு உபதேசம் செய்வது? அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது, பையன் போகத்தான் போகிறான். போகிறவனுக்குச் சரியாகச் செய்யச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு மட்டும் எனக்கு உரிமை உண்டு.

நவம்பர் கடைசியில் மறுபடி கூப்பிட்டான். ஈயப் பெட்டியைப் பெரியவரிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்தானாம். அவர் முகம் சுளித்தாராம், ஆனால் குச்சி நடச் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவரே சேற்றில் இறங்கி நட்டாராம். விடியற்காலையில் நாலு வாத்து இறங்கின. குச்சிக்கு உள்ளே வந்ததை ஒரே சூட்டில் எடுத்தான். இறகுகூட அசையவில்லை என்றான். அவன் அம்மா மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தாளாம்.

நான் போனை வைக்கப் போனேன். அவன் வைக்கவில்லை.

"தாத்தா, இன்னொண்ணு இருக்கு. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. மத்த மூணும் எழும்பிப் போறப்ப இன்னொரு தடவை சுட்டேன்."

"எங்கே இருந்தது?"

"குச்சிக்கு அந்தப் பக்கம். அம்பது இருக்கும். எட்டும்னு தோணிச்சு. ஒண்ணு லேசா ஆடிச்சு, ஆனா விழல. நாயோட ஒரு மணி நேரம் தேடினோம். கிடைக்கல."

நான் திட்டவில்லை. அவனுக்குச் சரியான தோட்டாவைத்தான் தேர்ந்து கொடுத்தேன். அதே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தோட்டாக்கள். ஒன்று வேட்டையை ஒழுங்காக முடித்தது. இன்னொன்று 1960-ல் ஊசுட்டேரியில் நடந்ததை மறுபடி செய்தது. நடுவில் இருந்தது இருபது மீட்டர் மட்டும்.

மாடு மேய்த்தவர் அந்த வாத்தை நீட்டிய கதையை அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். முன்னாலேயே, தோட்டா பற்றிக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். மில்லிமீட்டரும் கிராமும் சொல்லிவிட்டு, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

ஊசுட்டேரியை 2008-ல் நம் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பொங்கலுக்கு முன் மருமகன் என்னைக் காரில் கரைவரைக்கும் அழைத்துப் போனான். வாத்துகள் இருந்தன. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. ஈயம் துருப்பிடித்துச் சீக்கிரம் மறைகிற பொருள் அல்ல. அப்பாவின் ரவை இன்னும் அங்கேதான் கிடக்கும். அந்தச் சேற்றுக்குள், நான் தாழ்வாரத்தில் பொறுக்கிக் கொடுத்த ரவையும் சேர்த்துத்தான்.